கோதுமையும் கால் நரம்பும்

டில்லியில் 34 வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர், கடைசியில் கும்பகோணத்தில் தம் தகப்பனார் வீட்டுக்கே திரும்பி வந்து சேர்ந்தார். ஒருநாள் சாயங்காலம் இருவரும் மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம். பாதிச் சுற்று வந்திருப்போம். தற்செயலாகக் கீழே பார்த்தேன். அவருடைய வலது காலில் செருப்பு இல்லை.

"என்ன ஓய், ஒற்றைச் செருப்பை யாருக்குத் தானம் பண்ணினீர்?" என்றேன்.

குனிந்து பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. வந்த வழியே திரும்பிப் போய்த் தேடினோம். நெடுந்தூரம் தள்ளி ஒரு கடலை வண்டிக்குப் பக்கத்தில் அது நிம்மதியாகக் கிடந்தது. அன்று இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

சிரிக்கிற விஷயம் அல்ல என்பது பிற்பாடுதான் தெரிந்தது. செருப்புக் கழன்று போனதைக் கால் தன் எஜமானுக்குத் தெரிவிக்கவில்லை என்றால், நடுவில் எங்கேயோ தந்திக் கம்பி அறுந்துவிட்டது என்று அர்த்தம். சில மாதங்களில், முகம் கழுவக் கண்ணை மூடினால் ஆள் முன்னால் சாய்ந்தார். தரை பஞ்சு மெத்தை மாதிரி இருக்கிறது என்றார். ராத்திரி வேளைகளில் பாதத்தில் எறும்பு ஊர்ந்தது. சில நாள் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் எரிந்தது. சர்க்கரை வியாதி என்றார் ஒரு டாக்டர். ரத்தத்திலே சர்க்கரை இல்லை. வயசு என்றார் இன்னொருவர். வைட்டமின் ஊசி போட்டுப் பார்த்தார்கள். நாலு வருஷம் இப்படிப் போயிற்று. கடைசியில் நரம்பு வைத்தியம் படித்த ஓர் இளம் டாக்டர், காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்கள் தினம் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டாராம். என் நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. "கால் மரத்துப் போச்சு என்று வந்தால் சாப்பாட்டைக் கேட்கிறீர்களே! என் வயிறு கல்லைத் தின்றாலும் ஜீரணிக்கும்" என்றிருக்கிறார். டாக்டர் சிரித்துக்கொண்டே ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அப்புறம் வாய் வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலில் துளித் துண்டு எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் நோய் என்று முடிவாயிற்று.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. யாருக்காவது வியாதி என்றால், மருந்தைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் அந்த வியாதியின் பூர்வோத்தரத்தை விசாரிக்கத் தோன்றும். அப்படி விசாரித்ததில் எனக்குக் கிடைத்த கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வேடிக்கை என்று சொல்லிவிட முடியாத ஒரு வேதனையும் இருக்கிறது. இந்த நோய்க்கு வைத்த பெயரே நூறு வருஷம் டாக்டர்களின் கண்ணை மறைத்துவிட்டது.

பெயரை வைத்தவர் பழைய காலத்துக் கிரேக்க வைத்தியர். இன்றைய துருக்கியில் உள்ள கப்படோசியா நாட்டைச் சேர்ந்த அரிட்டியஸ். கிறிஸ்து சகாப்தத்தின் முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்குள் வாழ்ந்தவர். உண்டது உடம்பில் ஒட்டாமல் கழிந்து கழிந்து மெலிந்து போகிறவர்களைப் பற்றி எழுதியபோது அவர்களை 'வயிற்றுக்காரர்கள்' என்கிற அர்த்தத்தில் குறிப்பிட்டார். 'கொய்லியா' என்றால் கிரேக்கத்தில் வயிறு. அதிலிருந்து வந்ததுதான் சீலியாக்.

அந்தப் பழைய சொல்லை எடுத்துத் தூசி தட்டியவர் லண்டன் டாக்டர் சாமுவேல் கீ. 1887-ஆம் வருஷம் அக்டோபர் 5-ஆம் தேதி கிரேட் ஆர்மண்டு தெருவிலிருக்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஒரு பிரசங்கம் செய்தார். அது மறு வருஷம் அச்சில் வந்தது. சில பக்கங்கள்தான், ஆனால் கவனித்துப் பார்க்கத் தெரிந்தவர் எழுதியது. இந்த நோய்க்கு விமோசனம் உண்டென்றால் அது ஆகாரத்தால்தான் வர வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஒரு குழந்தைக்கு ஹாலந்து தேசத்துச் சிப்பி மாமிசத்தைத் தினந்தோறும் கொடுத்தார்களாம், குழந்தை தேறியது, சிப்பிப் பருவம் முடிந்தவுடன் பழையபடி படுத்தது. பாவம், அவருக்கு வாசற்படி வரை தெரிந்திருக்கிறது. ஆனால் அதே கீ, மாவுப் பண்டங்களைக் குறைக்கச் சொல்லிவிட்டு, ரொட்டியை மெல்லியதாக வெட்டி இரண்டு பக்கமும் நன்றாக வாட்டிக் கொடுக்கலாம் என்றும் எழுதி வைத்துவிட்டார்!

அவர் சொன்ன இன்னொரு விஷயத்தைத்தான் உலகம் சௌகரியமாக மறந்தது. எல்லா வயதினருக்கும் இந்த நோய் வரும், ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் அதிகம் என்றுதான் அவர் எழுதினார். பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். 1908-இல் நியூயார்க்கில் ஹெர்ட்டர் என்பவர் இதைக் குழந்தை வளர்ச்சி குன்றும் நோயாகவே வர்ணித்துப் புஸ்தகம் எழுதினார். வயிற்று நோய், அதுவும் குழந்தைகளின் வயிற்று நோய் என்று முத்திரை குத்தியாயிற்று. ஐம்பது வயதுக்காரன் காலைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றால் இந்தப் பெயர் யார் ஞாபகத்துக்கு வரும்?

அடுத்து வந்தது வாழைப்பழம். நம் ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்கும். 1924-இல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்ற குழந்தை வைத்தியர், ரொட்டி, தானியம், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தி, வாழைப்பழத்தை முக்கிய உணவாக்கிக் குழந்தைகளைப் பிழைக்க வைத்தார். புகழ் எங்கும் பரவிற்று. பிழைக்க வைத்தது வாழைப்பழம் அல்ல, இலையில் ரொட்டி இல்லாமற் போனதுதான் என்பது அவருக்குத் தெரியவில்லை. பிற்காலத்தில் பிறர் அதைச் சொன்னபோதும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தம்முடைய பத்தியத்தால் நோய் அடியோடு தீர்ந்துவிடும் என்று நம்பினார்.

இனி வருகிறவர்தான் இந்தக் கதையின் நாயகர். வில்லெம் கரெல் டிக்கெ. 1905-இல் பிறந்தவர். ஹாலந்தில் ஹேக் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு 31 வயதிலேயே தலைவரானவர். இவரைப் பற்றி ஒரு கதை உலகமெல்லாம் சொல்லப்படுகிறது. 1944-ஆம் வருஷக் கடைசி. ஹாலந்து ரயில்வேத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்ததற்குப் பழி வாங்க, நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மானியர்கள் மேற்கு மாகாணங்களுக்கு உணவு போகாமல் தடுத்தார்கள். குளிர்காலத்தில் வாய்க்கால்கள் உறைந்து படகும் ஓடவில்லை. ஜனங்கள் ட்யூலிப் பூச்செடியின் கிழங்கையும் மாட்டுக்குப் போடும் பீட்டையும் வேக வைத்துத் தின்றார்கள். ஏறக்குறைய 20,000 பேர் மாண்டார்கள். 'பசிக் குளிர்காலம்' என்று அந்த நாட்டார் இன்றும் அதைச் சொல்கிறார்கள். ஊரே எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது, டிக்கெயின் ஆஸ்பத்திரியில் இருந்த சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறிவந்தார்கள். பிற்பாடு ரொட்டி வந்து சேர்ந்ததும் மீண்டும் படுத்தார்கள். டாக்டருக்கு ஞானோதயம் பிறந்தது. இதுதான் கதை.

நாவலாசிரியன் என்ற முறையில் இப்படிப்பட்ட கதைகளை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். உண்மை இதைவிட நிதானமானது. எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கிறது. யுத்தத்துக்கு முன்பே, 1930-களில், ஒரு தாயார் டிக்கெயிடம் வந்து, ரொட்டியை நிறுத்தினால் தன் குழந்தையின் உடம்பிலே கண்ட தடிப்புப் போய்விடுகிறது, கொடுத்தால் திரும்பி வருகிறது என்று சொல்லியிருக்கிறாள். பெரிய டாக்டர்கள் பலர் இதைக் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். இவர் போட்டுக்கொண்டார். குழந்தைகளுக்குக் கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும் மாதக் கணக்கில் எடை பார்த்தார். 1941-இலேயே கோதுமை இல்லாத பத்தியத்தைப் பற்றி எழுதினார். பஞ்சம் அவருடைய சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. கண்டுபிடித்தது பஞ்சம் அல்ல, ஒரு தாயின் கண்.

1950-இல் உட்ரெக்ட் சர்வகலாசாலையில் தம் ஆராய்ச்சியைச் சமர்ப்பித்தார். குழந்தை சாப்பிட்ட கொழுப்பில் எவ்வளவு உடம்பில் சேருகிறது, எவ்வளவு வீணாகக் கழிகிறது என்று அளக்க வான் டி காமர் என்ற ரசாயன நிபுணர் ஒரு முறை வகுத்துக் கொடுத்திருந்தார். 1952-இல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் டாக்டர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கோதுமையின் மாவுச்சத்தில் குற்றம் இல்லை, அதிலுள்ள பசையில்தான் குற்றம் என்று நிரூபித்தார்கள். குளூட்டன் என்பது அந்தப் பசையின் பெயர். மைதாவைப் பிசைந்து உருட்டித் தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தால், மாவெல்லாம் கரைந்து போய்க் கையில் ரப்பர் மாதிரி ஏதோ மிஞ்சும். பரோட்டாக்காரர் மாவை வீசி வீசித் துணிபோல் விரிக்கிறாரே, அந்த வித்தைக்கு ஆதாரம் அதுதான். ஒரு சிலருடைய உடம்புக் காவற்படை பிறவி வாசியால் அந்தப் பசையைச் சத்துரு என்று தப்பாக நினைத்துப் போர் தொடுக்கிறது. போர்க்களம் சிறுகுடல். வெல்வெட்டுத் துணியின் மயிர்போலச் சிறுகுடலின் உட்சுவரில் நின்று சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல்கள் அந்தப் போரில் மழுங்கித் தரைமட்டமாகின்றன.

குழந்தைகள் பிழைத்தார்கள். பெரியவர்கள்?

பெரியவர்களின் கதை வேறு பெயரில் வேறு தெருவில் நடந்துகொண்டிருந்தது. கீழ்த்திசை நாடுகளுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் பலர் ஓயாத பேதியால் உருக்குலைந்து ஊர் திரும்பினார்கள். அந்த நோய்க்கு டச்சுச் சொல்லிலிருந்து 'ஸ்ப்ரூ' என்று பெயர். 1908-இல் அதைப் பற்றிப் புஸ்தகம் எழுதிய கார்னகி பிரவுன், தம் நோயாளிகளில் இரண்டு பேருக்குக் கை கால் நரம்பு கெட்டதையும் போகிற போக்கில் குறித்திருக்கிறார். நரம்பைப் பற்றிய முதல் முணுமுணுப்பு அதுதான். யாரும் நின்று கேட்கவில்லை. ஸ்ப்ரூ என்ற அந்த ஒரே பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் குடியிருந்தன என்பதும் அப்போது தெரியாது. கோதுமைக்குச் சம்பந்தமே இல்லாத வெப்பநாட்டு ஸ்ப்ரூ 1960-களில் நம் வேலூரைச் சுற்றியிருக்கும் கிராமங்களில் கொள்ளை நோயாகவே பரவியது; அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் அதை ஆராய்ந்தார்கள். ஆனால் ஐரோப்பாவை விட்டு நகராத பெரியவர்களுக்கு வந்த ஸ்ப்ரூ? 1956-இல் மார்கோ ஷைனர் என்ற லண்டன் டாக்டரம்மாள், வயிற்றைக் கிழிக்காமலே வாய் வழியாகக் குழாய் செலுத்திச் சிறுகுடலிலிருந்து துணுக்கு எடுக்க வழி செய்தார். அப்படி எடுத்துப் பார்த்தால் குழந்தையின் குடலும் பெரியவரின் குடலும் ஒரே மாதிரி மழுங்கியிருந்தன. இரண்டும் ஒரே நோய். கீ சொன்ன 'எல்லா வயதினருக்கும்' என்ற வார்த்தைக்கு எழுபது வருஷம் கழித்து மரியாதை கிடைத்தது.

அதன் பிறகு பத்து வருஷத்தில், 1966-இல், அதே பர்மிங்ஹாமிலிருந்து குக், ஸ்மித் என்னும் இரண்டு டாக்டர்கள் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். அதில் வருகிறவர்கள் 16 பேர். எல்லாரும் சீலியாக் நோய் கண்ட பெரியவர்கள்; எல்லாரும் நடையில் தள்ளாடினார்கள். பத்துப் பேருக்கு நரம்புத் தளர்ச்சி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போயிற்று. இறந்துபோன சிலரின் மூளையையும் நரம்பையும் ஆராய்ந்தபோது, உடம்பின் நிதானத்தைக் காக்கும் சிறுமூளையில் புர்க்கின்யே என்னும் பெரிய உயிரணுக்கள் அழிந்து கிடந்தன. ரத்தக் குழாய்களைச் சுற்றி அழற்சி. குடலில் நடந்த போர் குடலோடு நிற்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

ஆனாலும் முப்பது வருஷம் அந்தக் கட்டுரை பெரும்பாலும் அலமாரியில்தான் இருந்தது. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த 16 பேரும் சத்து உறிஞ்ச முடியாமல் ரத்தம் சுண்டி எடை குறைந்து போனவர்கள். படித்தவர்கள், 'சரிதான், வைட்டமின் இல்லாமல் நரம்பு வாடியிருக்கிறது' என்று தீர்மானித்துப் புஸ்தகத்தை மூடிவிட்டார்கள். அது முழுப் பொய்யும் அல்ல. பி12, பி1, செம்பு முதலியவை சேராமற் போனால் நரம்பு கெடத்தான் செய்யும். சீலியாக் நோயாளி எவருக்கும் இவற்றை முதலில் பார்த்தாக வேண்டும். ஆனால் வெறும் பட்டினியால் வாடிய நரம்பு என்றால் ரத்தக் குழாயைச் சுற்றி அழற்சி எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். குக்கையும் ஸ்மித்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். வயிறு கெட்டவர்களைத் தேடினார்கள். அவர்களில் தள்ளாடுகிறவர்களைக் கண்டார்கள். தள்ளாடுகிறவர்களைத் தேடி, அவர்களுடைய வயிற்றைப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோன்றியது ஷெஃபீல்டு நகரத்தில், 1996-இல். ஹட்ஜிவசிலியு என்ற நரம்பு வைத்தியரும் அவருடைய சகாக்களும் கேள்வியை அப்படியே தலைகீழாகத் திருப்பினார்கள். இன்ன காரணம் என்று கண்டுபிடிக்க முடியாத நரம்பு நோயாளிகள் 53 பேரின் ரத்தத்தில் கோதுமைப் பசைக்கு எதிரான பொருள் இருக்கிறதா என்று பார்த்தார்கள். 30 பேருக்கு இருந்தது! ஆரோக்கியமாக ரத்ததானம் செய்ய வந்தவர்களிடமோ நூற்றுக்கு 12 பேருக்குத்தான். அந்த 30 பேரில் 26 பேருடைய குடலையும் பரிசோதித்தார்கள். சீலியாக் என்று சொல்லத்தக்க சேதம் ஒன்பது பேருக்கு மட்டுமே. மற்றவர்களின் குடலில் அந்த அளவுக்குச் சேதம் இல்லை. குடல் ஒன்றும் சொல்லாமலிருக்க நரம்பு மட்டும் கூக்குரலிடக்கூடும் என்று தெரிந்தது. என் நண்பர் தம் வயிற்றைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டாரே, அதில் ஒரு பொய்யும் இல்லை.

காவற்படை ஏன் நரம்பின் மேல் பாய்கிறது என்பதில் ஓரளவுதான் வெளிச்சம் வந்திருக்கிறது. 1997-இல் ஜெர்மனியில், இந்த நோயாளிகளின் உடம்பு தாக்குவது டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற தன் சொந்தச் சரக்கையே என்று கண்டார்கள். இன்று செய்யும் ரத்தப் பரிசோதனை அதிலிருந்து வந்ததுதான். 2008-இல் அந்தக் குடும்பத்தில் ஆறாவது எண் பெற்ற, நரம்பு மண்டலத்தில் இருக்கும் உருப்படியை எதிர்க்கும் பொருள், தள்ளாட்டம் கண்ட நோயாளிகளின் ரத்தத்தில் அகப்பட்டது. வீட்டுக்குள் திருடன் புகுந்தான் என்று கம்பை எடுத்தவன், இருட்டில் திருடனின் ஜாடையிலிருக்கும் தம்பியை அடிக்கிற கதைதான்.

பயந்துவிட வேண்டாம். ஸ்வீடனில் 28,232 சீலியாக் நோயாளிகளைக் கணக்கெடுத்து 2015-இல் வெளியிட்டார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்குக் கை கால் நரம்பு நோய் வரும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. மடங்கு பெரிதுதான், ஆனால் அப்படி வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. கோதுமை ஒத்துக்கொள்கிறவர்கள் அதை நிறுத்துவதற்கு இதில் ஒரு காரணமும் கிடையாது.

ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் காலம் என்பது பெரிய விஷயம். 2006-இல் ஷெஃபீல்டுக்காரர்கள் நரம்பு கெட்ட 35 பேரின் ஒரு வருஷ அனுபவத்தை வெளியிட்டார்கள். 25 பேர் கோதுமைப் பசையை அறவே விலக்கினார்கள். பத்துப் பேர் விலக்கவில்லை. கணுக்காலுக்குப் பக்கத்தில் ஓடும் உணர்ச்சி நரம்பில் மின்சாரத்தைப் பாய்ச்சி அளந்தபோது, விலக்கியவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது. மற்றவர்களிடம் தெரியவில்லை. காலின் நரம்பு மெள்ள மெள்ளத் தளிர்க்கக் கூடியது. சிறுமூளையில் செத்துப்போன உயிரணு திரும்பி முளைப்பதில்லை. நாலு வருஷம் வயசையும் சர்க்கரையையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த நாலு வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

நம் நாட்டுக் கணக்கும் ஒன்று இருக்கிறது. 2016-இல் வெளியானது. 23,331 பேரைப் பரிசோதித்தார்கள். சீலியாக் நோய் வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேருக்கு, தென்னிந்தியாவில் 0.10 பேருக்கு. நோய்க்கு இடம் கொடுக்கும் பிறவிக் கூறு மட்டும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. வித்தியாசம் பெரும்பாலும் தட்டில் இருக்கிறது என்று அந்தக் கணக்கு காட்டியது: வடக்கே கோதுமை முக்கிய ஆகாரம், தெற்கே கொஞ்சம். காவேரிக்கரையில் பிறந்தவர் யமுனைக்கரையில் 34 வருஷம் இரண்டு வேளையும் சப்பாத்தி சாப்பிட்டதைப் பற்றி நான் ஒன்றும் தீர்ப்புச் சொல்லவில்லை. இப்போது தெற்கேயும் சர்க்கரைக்குப் பயந்து ராத்திரி சப்பாத்தி என்று வீட்டுக்கு வீடு வழக்கமாகிவிட்டது, காலையில் ரவை உப்புமா, டிபனுக்குப் பூரி. கால் மரத்தவர்கள் நம் பக்கத்து டாக்டர்களிடம் போனால், நண்பரைக் கேட்ட அந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்பார்கள் என்பதுதான் என் கவலை.

நண்பருடைய மனைவி வீட்டையே சோதனை போட்டுவிட்டார். ரவை, மைதா, சேமியா போயின. இதெல்லாம் சுலபம். ஆறு மாதம் கழித்தும் ரத்தத்தில் எதிர்ப்பு இறங்கக் காணோமே என்று தேடியபோதுதான் பெருங்காய டப்பாவின் முதுகில் பொடி எழுத்தைப் பார்த்திருக்கிறார்: கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ந்திருக்கிறது. ரசத்திலும் சாம்பாரிலும் மோர்மிளகாயிலும் தினந்தினம் சத்துருவைத் தாமே பரிமாறியிருக்கிறோம் என்று அந்த அம்மாள் அன்றைக்கு அழுதாராம். இப்போது மாவு சேராத பால் பெருங்காயம்.

பத்தியம் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் போயிருந்தேன். கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து கொண்டு, கால் கட்டைவிரலால் தரையை உந்திக்கொண்டிருந்தார்.

"இடது காலுக்குத் தரை ஜில்லென்று தெரிகிறது, ஓய். ஆடி மாதத்திலிருந்துதான்" என்றார்.

"வலது கால்?"

"அது இன்னும் டில்லியிலேயேதான் இருக்கிறது."

புறப்படும்போது வாசலில் அவருடைய செருப்பைப் பார்த்தேன். குதிகாலுக்குப் பின்னால் வார் வைத்துத் தைத்திருந்தார்.